வெனிஸ் நகரில் நடந்த கால்கள்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. பள்ளிக்கூடத்தில் நாம் நெட்டுருச் செய்ததும் அவற்றையே. ஆயினும், ஒரு காலத்தில் ஒரு நகரத்து மக்கள் எதை உடுத்தனர், எவ்வாறு உண்டனர், அங்காடியில் எதை வாங்கினர், மாலைப் பொழுதை எங்ஙனம் கழித்தனர் என்பனவற்றை அரசாங்க ஆவணங்கள் மிகுதியாகச் சொல்வதில்லை. அவற்றைச் சொல்பவன் வழிப்போக்கன். ஊருக்குப் புதியவனாய் வந்து, தெருத்தெருவாக நடந்து, கண்டதையும் கேட்டதையும் அவ்வப்போது குறித்து வைத்தவன் அவன்.

அத்தகைய வழிப்போக்கருள் ஒருவர் தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலேயர். 1608ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் புகழ்மிக்க நகரமாகிய வெனிசைத் தன்னந்தனியராய்ச் சுற்றிப் பார்த்து எழுதியவர். அவரை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் நினைவுகூர்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. வெனிஸ் வீதிகளை அளந்த அதே கால்கள் ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர் நாம் குடியிருக்கும் இந்த அஜ்மீர் நகரத்து வீதிகளையும் அளந்தன. நம் இரயில்வே காலனியில் இருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கோட்டையின் முற்றத்தில் அவர் நின்றிருக்கிறார். இதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளல் நன்று எனக் கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

பாதிரியாரின் மகன்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஆட்கம்ப் என்பது ஒரு சிற்றூர். அவ்வூர்த் தேவாலயத்துப் பாதிரியாரின் மகனாக ஏறத்தாழ 1577ஆம் ஆண்டில் கோரியட் பிறந்தார். வின்செஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். இலத்தீனும் கிரேக்கமும் நன்கு கற்றார். ஆயினும் பட்டம் பெறாமலே வெளியேறினார். அரசகுமாரர் ஹென்றியின் சுற்றத்தில் ஒரு விகடகவி போன்ற நிலை அவருக்குக் கிடைத்தது. விருந்துகளில் பெரிய மனிதர்கள் அவரைக் கேலி பேசிச் சிரிப்பர். அவரும் சலிக்காமல் விடை கூறிச் சிரிக்க வைப்பார். பிறர் சிரிப்பில் பிழைக்கும் அந்த வாழ்வு அவருக்கு நிறைவளிக்கவில்லை போலும். 1608 மே மாதம் 14ஆம் நாள் டோவர் துறைமுகத்தில் கப்பலேறி, கடல் கடந்து பிரான்சு சேர்ந்தார். பாரிஸ், லியான் நகரங்களைக் கண்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, தூரின், மிலான், கிரிமோனா, பாதுவா வழியாக ஜூன் மாத இறுதியில் வெனிஸ் வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இத்தாலிக்குச் செல்வதுண்டு. ஆசிரியரும் ஏவலாளரும் குதிரைகளும் உடன் செல்ல, பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு செல்வர். கோரியட்டுக்கு இவை ஒன்றும் இல்லை. இடையிடையே படகும் குதிரையும் வண்டியும் கிடைத்தபோது பயன்படுத்திக் கொண்டார். எஞ்சிய வழியெல்லாம் கால்களையே நம்பினார்.

நீரில் நின்ற ஊர்

வெனிஸ் நகரம் கடற்கழியில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மேல் அமைந்தது. சேற்றில் மரத்தூண்களை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின்மேல் கல் பரப்பி, அதன்மேல் மாளிகைகளை எழுப்பினர். தெருக்களுக்கு ஈடாக வாய்க்கால்களும், வண்டிகளுக்கு ஈடாகக் கொண்டோலா என்னும் நீண்ட கருநிறப் படகுகளும் அங்கே வழங்கின. நடப்போருக்கென்று குறுகிய சந்துகளும் நானூற்றுக்கு மேற்பட்ட சிறு பாலங்களும் உள்ளன.

இந்நகரம் நம் தமிழ் மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ வெனிஸ் நகரத்தவரே. மலையாளக் கரையின் மிளகு அரபு நாட்டு வணிகர் கைமாறி வெனிசை அடைந்து, அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவியது. அதற்கு விலையாக வந்த வெனிஸ் தங்கக் காசு தென்னாட்டு அங்காடிகளில் நெடுங்காலம் செலாவணியில் இருந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த நாள் முதல் அந்த வாணிகத்தின் வேர் ஆட்டங்கண்டது. கோரியட் சென்றபோது வெனிசின் செல்வம் குறையத் தொடங்கியிருந்தது. அழகு மட்டும் குறையவில்லை.

இன்று இரயிலிலேயே வெனிசுக்குள் செல்லலாம். 1846ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரயில் பாலம் 222 கமான்களோடு கழியைக் கடந்து நகரை நிலத்தோடு இணைக்கிறது. கோரியட் காலத்தில் அவ்வசதி ஏது? பாதுவாவில் இருந்து பிரென்டா ஆற்றின் வழியே படகில் வந்து இறங்கினார். ஆறு வாரம் அந்நகரில் தங்கினார். அந்த ஆறு வாரத்தில் அவர் பல நாள் நடந்து கண்டவற்றை, வாசகர்களின் வசதிக்காக, காலை முதல் மாலை வரையிலான ஒரே நாள் நடையாகக் கோத்து இங்கே கூறுகிறேன். அன்பர்கள் அவர் பின்னே நடந்து வருக.

காலை: மார்க் சதுக்கம்

புனித மார்க் தேவாலயத்தின் முன்னுள்ள பெருஞ்சதுக்கமே நகரின் இதயம். கோரியட் முதலில் வியந்தது அங்குள்ள கட்டடங்களை. அதனினும் மிகுதியாக வியந்தது அங்கு நடமாடிய மனிதர்களை. கிரேக்கர், துருக்கியர், பாரசீகர், போலந்து நாட்டார், யூதர் எனப் பல தேயத்தாரும் தத்தம் உடையில், தத்தம் மொழி பேசி உலவினர். இதை ஒரு நகரத்தின் அங்காடி என்பதினும் உலகத்தின் அங்காடி என்பதே பொருந்தும் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். நம் சந்திப்பு நிலையங்களின் நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்கு அக்காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று.

சதுக்கத்தின் ஒரு புறத்தில் மணிக்கூண்டு ஒன்று உண்டு. 1499இல் நிறுவப்பட்ட அக்கடிகாரத்தின் முகத்தில் 24 மணிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இரயில்வேயில் பணிபுரியும் நமக்குப் 'பதினெட்டு முப்பது' என்றால் மாலை ஆறரை என்று உடனே விளங்கும்; ஒரு நாளை 24 மணி வரை எண்ணும் வழக்கம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெனிஸ் வாசிகளுக்கும் இருந்தது. கூண்டின் உச்சியில் ஆள் உருவில் இரண்டு வெண்கலப் பதுமைகள் சம்மட்டியால் பெருமணியை அடித்து நேரம் அறிவிக்கும். 1608 ஜூலை 25, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணியளவில் நேர்ந்த துன்பம் ஒன்றைக் கோரியட் குறித்துள்ளார். கடிகாரத்தைப் பேணும் ஊழியர் மணியின் அருகே தம் வேலையில் ஆழ்ந்திருந்தார். நேரம் வந்தது. பதுமை தன் கடமையைச் செய்தது. சம்மட்டி ஊழியரின் தலையில் விழ, அவர் அங்கேயே உயிர் நீத்தார். அரண்மனைகளின் வருணனையில் நூறு பக்கம் எழுதிய ஆசிரியர், பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியின் சாவையும் நாளும் நேரமும் இட்டு எழுதி வைத்தார். பாரத்தைத் தூக்கும் கிரேனும் பாதையை மாற்றும் பாயிண்டும் மனிதனைப் பார்த்து நிற்பதில்லை என்பதை அறிந்த நம்மவர் இச்செய்தியை எளிதில் மறவார்.

சதுக்கத்தில் மேடை அமைத்து மருந்து விற்பவர்களையும் அவர் நின்று பார்த்தார். முதலில் இசை, பின்னர் கோமாளி வேடிக்கை, அதன்பின் பெட்டி திறக்கப்படும். எண்ணெய், தைலம், வாசனை நீர், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து! ஒருவன் தன் கையைத் தானே கத்தியால் கீறிக்கொண்டு, தன் எண்ணெயைத் தடவி ஆற்றிக் காட்டினான். மற்றொருவன் நச்சுப் பாம்பைக் கையில் பிடித்து விளையாடினான். முதலில் பத்துப் பொன் என்று விலை கூறி, ஒரு மணி நேரம் பேசிய பிறகு சில செப்புக் காசுகளுக்கு அதையே கொடுத்தனர். நம் ஊர்ச் சந்தைகளில் பாம்பு வித்தை காட்டி வேர் விற்பவர்களின் பங்காளிகள் இவர்கள் என்பதில் ஐயமில்லை.

முற்பகல்: அங்காடியும் பாலமும்

அங்காடியில் கோரியட்டைத் திகைக்க வைத்தது ஒரு காட்சி. கருப்பு மேலங்கி அணிந்த பெருமக்கள், ஆட்சி மன்றத்தின் உறுப்பினர்கள், பெருஞ்செல்வர்கள் தாமே கடைக்கு வந்து மீனும் காயும் கனியும் விலை பேசி வாங்கினர். இங்கிலாந்தில் சிறு நிலக்கிழார்கூட இதை வேலைக்காரரிடம் விட்டுவிடுவார். இவர்களுக்கு இது தகுமா என்று அவர் முகஞ் சுளித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பை சகிதமாகக் காய்கறிச் சந்தைக்குப் புறப்படும் நம் காலனித் தலைவர்கள், வெனிஸ் பிரபுக்களின் மரபைப் பின்பற்றுவதாக இனிப் பெருமை கொள்ளலாம்.

அங்குக் கிடைத்த முலாம்பழத்தைக் கோரியட் மிகப் புகழ்கிறார். உடனே எச்சரிக்கவும் செய்கிறார்: அளவு மீறினால் வயிற்றுக்கடுப்பு வந்து உயிருக்கே இறுதியாகும் என்கிறார்.

அடுத்து ரியால்டோ பாலம். பழைய மரப்பாலத்துக்கு ஈடாக 1588இல் தொடங்கி 1591இல் முடிக்கப்பெற்ற கற்பாலம் அது. பெருவாய்க்காலின் குறுக்கே ஒரே வளைவாகப் பாய்ந்து நிற்கிறது. மேலே இருமருங்கும் கடைகள். தாம் கண்ட ஒற்றை வளைவுப் பாலங்களில் இதற்கு நிகர் இல்லை என்று கோரியட் எழுதினார். அப்போது அதற்கு வயது பதினேழு மட்டுமே. அந்தப் பெருவாய்க்காலைக் கடக்க 1854 வரை வேறு பாலமே இல்லை. பிற இடங்களில் படகுத்துறையில் காசு கொடுத்துக் கடக்கவேண்டும். படகோட்டிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள், போகவேண்டிய இடத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையேல் தகாத இடங்களுக்கு இட்டுச் சென்றுவிடுவர் என்று அவர் பின்வரும் பயணிகளுக்கு அறிவுரை கூறினார்.

சிறு பாலங்களின் படிகளில் வேறொரு வேடிக்கை கண்டார். அந்நகரத்துப் பெண்டிர் மரத்தால் செய்து தோல் போர்த்த உயரமான பாதக்கட்டைகளை அணிந்தனர். சிலவற்றின் உயரம் ஒன்றரை அடி! உயர்குடிப் பெண்கள் இருபுறமும் பணிப்பெண்களின் தோளைப் பற்றியே நடக்க முடிந்தது. தனியே இறங்கிய ஒருத்தி படியில் உருண்டு விழுந்ததைக் கோரியட் கண்டார். நாகரிகத்தின் பெயரால் மாந்தர் படும் பாடு எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொது.

நண்பகல்: முள்கரண்டி

நண்பகல் உணவு வேளையில் கோரியட்டைக் கவர்ந்தது ஒரு சிறு கருவி. இது வெனிசில் மட்டுமன்றி இத்தாலி முழுவதும் அவர் கண்டது. இறைச்சியை அறுக்கும்போது இத்தாலியர் இடக்கையில் ஒரு முள்கரண்டியால் அதைப் பற்றிக்கொண்டனர். பொதுத் தட்டில் உள்ள உணவை ஒருவர் விரலால் தொடுவதை அவர்கள் விரும்பவில்லை. எல்லார் விரலும் ஒரே அளவு தூய்மை உடையன அல்ல என்பது அவர்கள் கூறிய காரணம். கோரியட் அவ்வழக்கத்தை மேற்கொண்டு, இங்கிலாந்து திரும்பிய பின்பும் கைவிடவில்லை. நண்பர்கள் நகைத்தனர். அவர்களுள் ஒருவர் முள்கரண்டி ஏந்துபவர் என்றும் கயவன் என்றும் இருபொருள் படும் இலத்தீன் சொல்லால் அவரைக் கேலி செய்தார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். கையால் உண்பதை நாகரிகமின்மை என்று பிற்காலத்தில் நம்மிடம் சொன்ன நாட்டார், 1608இல் தாமும் கையாலேயே உண்டனர். முள்கரண்டி ஏந்தியவரையே எள்ளினர். எது நாகரிகம் என்பது காலத்தோடும் இடத்தோடும் மாறுவது. குடையையும் கோரியட் இத்தாலியில் கண்டு விளக்கி எழுதினார். குதிரைமேல் செல்வோர் வெயிலுக்குத் தோலால் ஆன குடை பிடித்தனராம். குடை நமக்குப் பழம்பொருள். ஆங்கில வாசகர்களுக்கு அது புதுமையாக இருந்தது.

பிற்பகல்: யூதர் சேரி

அன்றைய நடையில் மிகுந்த கருத்துக்குரிய இடம் கெட்டோ. 1516ஆம் ஆண்டில் வெனிஸ் ஆட்சியினர் யூதர் அனைவரையும் ஒரு சிறு தீவில் குடியமர்த்தினர். இரவில் கதவுகள் பூட்டப்படும். வெளியே செல்லும்போது அடையாளத் தலையணி அணிய வேண்டும். கெட்டோ என்னும் சொல் உலகெங்கும் பரவியது இவ்விடத்தின் பெயரிலிருந்தே.

கோரியட் அங்கே சென்றதற்கு முன் ஒரு செய்தியை நினைவில் கொள்ளவேண்டும். இங்கிலாந்தில் இருந்து 1290இல் யூதர் வெளியேற்றப்பட்டனர். 1656 வரை அவர்கள் அங்கு வெளிப்படையாக வாழ இயலவில்லை. எனவே கோரியட்டின் தலைமுறையினர் யூதரைக் கண்ணால் கண்டவர் அல்லர். ஆனால் அவர்களைப் பற்றிய இழிமொழிகள் மட்டும் நாவில் வழங்கின. யூதனைப் போன்ற முகம் என்றால் கோர முகம் என்று பொருள்.

கோரியட் கெட்டோவின் வழிபாட்டுக் கூடத்துக்குள் சென்று பார்த்தார். அங்குக் கண்ட ஆடவர் சிலரின் அழகிய முகத்தோற்றமும் பண்பட்ட நடையும் அவரை வியப்பில் ஆழ்த்தின. நம் நாட்டு வழக்குச் சொல் பொய் என்று அவர் தம் நூலில் வெளிப்படையாக எழுதினார். வீட்டில் இருந்தபடி ஆயிரம் நூல்களைப் படித்திருந்தாலும் அந்த ஒரு வரியை அவரால் எழுத இயன்றிராது. நானூறு அடி நடந்து ஒரு வாயிலைக் கடந்ததால் எழுதினார்.

ஆயினும் அவர் குறையற்ற மனிதர் அல்லர். அங்கே ஒரு யூத மதகுருவைக் கண்டு இலத்தீன் மொழியில் சமய வாதம் தொடங்கினார். விருந்தினராகச் சென்ற இடத்தில், உம் நெறி தவறு, என் நெறிக்கு வாரும் என்று வற்புறுத்தினார். பேச்சு வளர்ந்தது, குரல் உயர்ந்தது, நாற்பது ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டனர். கோரியட் பின்வாங்கிப் பாலத்தை நோக்கி நடக்கலானார். நற்பேறாக, வெனிசில் இருந்த ஆங்கிலத் தூதர் சர் ஹென்றி வாட்டன் அவ்வழியே படகில் சென்றவர், தம் நாட்டான் கூட்டத்தின் நடுவே சிக்கியிருப்பதைக் கண்டு ஆளனுப்பி மீட்டார்.

சூழ்ந்தவர்கள்மேல் பழி கூற இயலுமா? இரவில் பூட்டப்படும் வீட்டுக்குள் பகலிலும் வந்து ஒருவன் உபதேசம் செய்தால் எவருக்குத்தான் சினம் எழாது? சமயம் மாறும் யூதர் தம் உடைமையை இழக்க நேர்ந்ததையும், அதனால் மாறுவோர் அரியர் என்பதையும் கோரியட் தாமே குறித்துள்ளார். 1797இல் நெப்போலியனின் படைகள் வெனிஸ் குடியரசை முடிவுக்குக் கொண்டுவந்த ஆண்டிலேதான் கெட்டோவின் கதவுகள் பெயர்த்து எரிக்கப்பட்டன.

மாலை: நாடகம்

மாலையில் நாடகக் கொட்டகைக்குச் சென்றார். இலண்டன் அரங்குகளோடு ஒப்பிட்டால் கட்டடமும் உடையும் எளியன என்றார். ஆனால் ஒன்று அவரை வியக்க வைத்தது: பெண் வேடங்களைப் பெண்களே நடித்தனர். சேக்ஸ்பியர் வாழ்ந்த அந்நாளில் இலண்டன் பொது அரங்குகளில் சிறுவர்களே பெண் வேடம் தாங்கினர். 1660இல்தான் பெண்கள் மேடையேறத் தொடங்கினர். ஆண் நடிகர்களுக்கு எவ்வகையிலும் குறையாத நயத்தோடு அப்பெண்கள் நடித்தனர் என்று கோரியட் சான்று பகர்ந்தார். நம் 'பாய்ஸ் கம்பெனி' நாடகங்களில் ஸ்திரீ பார்ட் ஏற்ற ஆடவரைப் பற்றிப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் இச்செய்தியின் சுவையை உணர்வர்.

ஆறு வாரம் முடிந்து ஆகஸ்டு 8ஆம் நாள் அவர் வெனிசை விட்டுப் புறப்பட்டார். தம் பிறந்த மாவட்டத்தின் மிகச் செழித்த நான்கு பண்ணைகளை இலவசமாகத் தருவதாயினும், வெனிசைக் கண்ட இன்பமே தமக்கு அதனினும் பெரிது என்று எழுதினார். நிலமும் பொருளும் இல்லாத ஒருவரின் வாயிலிருந்து வந்த சொல் இது.

நூலும் நகைப்பும்

சுவிட்சர்லாந்து, செருமனி, ஹாலந்து வழியாக அக்டோபர் 3ஆம் நாள் இலண்டன் திரும்பினார். அவர் கணக்கின்படி மொத்தப் பயணம் 1,975 மைல். கண்ட நகரங்கள் 45. வழியில் ஒருமுறை மட்டுமே தைத்த அந்த ஒரே இணைச் செருப்பைத் தம் ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார். நெடுங்காலம் அது அங்கே இருந்தது.

1611இல் அவருடைய நூல் வெளிவந்தது. 'கோரியட்ஸ் குரூடிட்டீஸ்' என்று பெயரிட்டார். செரிக்காமல் நிற்கும் பச்சை உணவுகள் என்பது ஏறத்தாழ அதன் பொருள். ஐந்து திங்களில் அவசரமாக விழுங்கியவை என்று தலைப்பிலேயே தம்மைத் தாம் எள்ளிக்கொண்டார். பென் ஜான்சன், ஜான் டன் முதலிய பெரும்புலவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் சிறப்புப் பாயிரம் வழங்கினர். பாயிரம் என்ற பெயரில் அவற்றுட் பெரும்பாலானவை நூலாசிரியரை நையாண்டி செய்தன. கோரியட் அவற்றையும் அப்படியே அச்சிட்டார். நகைத்தவர்கள் எழுதிய அந்தப் பாடல்களை இன்று ஆராய்ச்சியாளர் அன்றி எவரும் தேடுவதில்லை. நகைக்கப்பட்டவரின் குறிப்புகளோ, வெனிசின் வரலாறு எழுதுவோர் அனைவருக்கும் சான்றாக உள்ளன.

அஜ்மீருக்கு வந்த நடை

1612 அக்டோபரில் இரண்டாம் பயணம் தொடங்கியது. இம்முறை கீழ்நாடுகள். கான்ஸ்டான்டிநோபிள், எருசலேம், அலெப்போ. பிறகு வணிகச் சாத்துகளோடு சேர்ந்து மெசப்பொட்டேமியா, பாரசீகம், காந்தகார், முல்தான், லாகூர், ஆக்ரா. 1615 ஜூலையில் அஜ்மீர். அப்போது ஜஹாங்கீர் பாதுஷா தம் அரசவையோடு இங்கே தங்கியிருந்தார். எருசலேம் முதல் அஜ்மீர் வரை 2,700 மைல் நடந்தே வந்ததாகக் கோரியட் கடிதம் எழுதினார். அலெப்போவிலிருந்து இங்கு வந்து சேரும்வரை செலவு மூன்று பவுன். அதிலும் பத்து ஷில்லிங் ஏமாற்றுக்காரரிடம் போயிற்று! இலவசப் பாஸ் இருந்தும் வழிச்செலவு கட்டுப்படவில்லை என்று வருந்தும் நாம் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

வந்த இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. துருக்கி, அரபு, பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளைப் பயின்றார். ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோவின் வீட்டில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி பெருஞ் சண்டைக்காரி. காலை முதல் மாலை வரை ஓயாது வைவாள். ஒரு நாள் கோரியட் அவளுடைய மொழியிலேயே அவளுக்கு விடை கூறத் தொடங்கினார். காலை எட்டு மணிக்குள் அவள் வாயடைத்துப் போனாள் என்று தூதரின் பாதிரியாராகிய எட்வர்டு டெர்ரி எழுதியுள்ளார்.

பாதுஷா மக்களுக்குக் காட்சி தரும் சாளரத்தின் கீழ் நின்று, ஊருலகு சுற்றும் ஏழைப் பக்கிரி நான் என்று பாரசீக மொழியில் கோரியட் ஓர் உரை ஆற்றினார். மகிழ்ந்த ஜஹாங்கீர் நூறு ரூபாயை மேலிருந்து வீசி அளித்தார். நம் நயா பஜாரில் இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அக்பர் கோட்டையே அந்நாளில் பாதுஷாவின் இருப்பிடம். ஆங்கிலேயன் ஒருவன் கையேந்துவதா என்று தூதர் கடிந்துகொண்டார். கோரியட் துணிவாக விடை சொல்லவே, தூதர் அதோடு விட்டுவிட்டார்.

கெட்டோவில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை மட்டும் அவர் கற்கவில்லை. ஆக்ராவில் தொழுகைக்கு அழைக்கும் குரலுக்கு மாறாக உயர்ந்த இடத்தில் ஏறித் தம் சமயக் கொள்கையை உரக்கக் கூவினார். வேறு நாடாயின் உயிர் போயிருக்கும். இங்கோ பித்தன் என்று விட்டுவிட்டனர் என்கிறார் டெர்ரி. வந்தவனின் குறையைப் பொறுத்தருளிய இந்நாட்டுப் பண்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாண்டுவும் சூரத்தும்

1617இல் பாதுஷாவின் அவை மாண்டுவில் இருந்தபோது கோரியட் உடல் தளர்ந்திருந்தார். அப்போது அவருக்கு இரண்டு செய்திகள் எட்டின. தம்மைப் பற்றிக் கேட்ட இங்கிலாந்து மன்னர், அந்த முட்டாள் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று வினவினாராம். மற்றொன்று, அலெப்போவில் அவருக்குப் பணம் தரும்படி தூதர் எழுதிய கடிதத்தில் இவர் நேர்மையான ஏழைப் பாவி என்று குறித்திருந்தார். இரண்டும் அவரைச் சுட்டன. பாவி என்ற சொல்லைத் தூதர் பின்னர் மாற்றிக் கொடுத்தார். மன்னரின் சொல்லை மாற்றுவார் யார்?

ஒரு நாள் அவர் தூணருகே நின்றவாறே மயங்கி விழுந்தார். தெளிந்தபின் காரணம் கூறினார்: வழியில் எங்கேனும் நான் இறந்து, என் சொந்த ஊரார் ஒருவருக்கும் என் முடிவு தெரியாமல் போய்விடுமோ என்ற எண்ணம் வந்து அழுத்தியது என்றார். நம் காலனியில் வயது முதிர்ந்தவர்கள் சிலர் இதே எண்ணத்தை வேறு சொற்களில் கூறக் கேட்டிருக்கிறேன். காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் பிறந்து, மணல்நாட்டில் பணி முடித்து, இங்கேயே கண்மூடியவர்களை நாம் தோள்கொடுத்துச் சுமந்திருக்கிறோம்.

அவர் அஞ்சியவாறே நடந்தது. சூரத் சேர்ந்த கோரியட்டை அங்கிருந்த ஆங்கிலேயர் அன்போடு வரவேற்று மது அளித்தனர். வயிற்றுப்போக்கால் வருந்தியிருந்த உடல் அதைத் தாங்கவில்லை. 1617 டிசம்பரில் இறந்தார். வயது நாற்பதளவே. கீழ்நாட்டுப் பயணத்தில் அவர் எழுதிய குறிப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியதில் ஒரு பகுதியைப் பர்ச்சஸ் என்பவர் 1625இல் சுருக்கி அச்சிட்டார். வெனிசைப் பற்றி அவ்வளவு விரிவாக அறியும் நாம், அக்காலத்து அஜ்மீரை அவர் கண்களால் காணும் பேற்றைப் பெரிதும் இழந்தோம்.

நாம் கொள்ள வேண்டியது

இன்றைய வெனிசில் குடியிருப்போர் குறைந்து விட்டனர். தீவு நகரில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. ஒருநாள் வந்து செல்வோரின் நெருக்கத்தைக் குறைக்க, குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணமாக ஐந்து யூரோ வாங்கும் முறை 2024 ஏப்ரலில் தொடங்கியது. மக்கள் வருகின்றனர், படம் எடுக்கின்றனர், மாலையில் திரும்பி விடுகின்றனர். மணிக்கூண்டின் ஊழியன் யார் என்று நின்று கேட்பவர் எத்தனை பேர்?

ஆனால் இவ்வினாவை வெனிசுக்குச் செல்வோரிடம் மட்டும் கேட்டு நாம் தப்ப இயலாது. பத்தாண்டு, இருபதாண்டு இந்நகரில் வாழ்ந்தும் நிலையம், அலுவலகம், காலனி, கோயில், சங்கம் என்ற வட்டத்துக்கு வெளியே காலெடுத்து வைக்காதவர் நம்மில் உண்டு. பக்கத்துத் தெருவாரைப் பற்றி நாம் வழங்கும் பழமொழிகளும் கோரியட்டின் நாட்டார் வழங்கியவற்றினும் உயர்ந்தன அல்ல. சென்று பார்த்தால்தான் பொய் தெரியும்.

ஆகவே அடுத்த விடுமுறை நாளில் பெற்றோர் தம் மக்களை அழைத்துக்கொண்டு அக்பர் கோட்டைக்கு நடந்து செல்க. பாதுஷா காட்சி தந்த சாளரத்தைக் காட்டுக. வழியில் கடைக்காரரிடம் அவர் மொழியில் பேசுக; அவர் சொல்லும் கதையைக் கேட்டு, வீடு திரும்பியதும் பிள்ளைகள் தமிழில் எழுதி வைக்குமாறு செய்க. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். எந்த ஊரில் நாம் உழைத்து உண்கிறோமோ அந்த ஊரைப் பற்றி நம் மொழியில் ஒரு குறிப்பேனும் விட்டுச் செல்வது நம் கடன். அவ்வாறு எழுதப்படும் குறிப்புகளுள் சிறந்தவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுமாறு சங்கத்து அன்பர்களை வேண்டி இதனை முடிக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!